சம்பளக் கணக்குக் கார்டா, பயணக் கார்டா, தேக்காவில் மாற்றிய ரூபாயா?

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையில், நாணயம் மாற்றும் கடைகளின் முன்னால் வரிசை தானாக நீளும். அதே நாட்களில் என் கைப்பேசிக்கும் செய்திகள் வரத் தொடங்கும். "அக்கா, அடுத்த வாரம் திருச்சி போறோம். பேங்க் டெபிட் கார்டு போதுமா, இல்ல யூடிரிப் மாதிரி பயணக் கார்டு ஒண்ணு எடுத்துக்கவா?" கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் அனுப்புவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எல்லாரும் மாற்று விகிதத்தைத்தான் கேட்கிறார்கள். எது மலிவு, எதில் எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம் என்று. அதையும் சொல்கிறேன். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: அந்தக் கார்டுக்குப் பின்னால் எவ்வளவு பணம் நிற்கிறது? கார்டு தொலைந்தாலும், யாராவது நகலெடுத்தாலும், ஹோட்டலில் வைப்புத்தொகை பிடித்தாலும் அடி விழுவது அந்தப் பணத்தின் மேல்தான். கிரெடிட் கார்டில் தவறு நடந்தால், பில் கட்டுவதற்கு முன்பே வங்கியிடம் முறையிடலாம். டெபிட் கார்டில் நம் பணம் போன பிறகுதான் பேச்சே தொடங்கும்.

வங்கி டெபிட் கார்டு

புதிதாக எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம், ஏற்கனவே கையில் இருக்கிறது என்பதுதான் இதன் பெரிய வசதி. அட்டையில் விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வயதானவர்கள் பலரிடம் நெட்ஸ் (சிங்கப்பூரின் உள்ளூர்க் கட்டண முறை) மட்டும் உள்ள பழைய ஏடிஎம் கார்டுதான் இருக்கும். அதை நம்பி விமானம் ஏறக்கூடாது.

செலவு என்று பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் கனம். நம் ஊரின் பெரிய வங்கிகளில் வெளிநாட்டு நாணயத்தில் செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 3.25 விழுக்காடு கட்டணம் சேர்கிறது. 1,000 வெள்ளிக்குப் பொருள் வாங்கினால் 32 வெள்ளி 50 காசு கூடுதல். குடும்பமாகப் போய் 4,000 வெள்ளி செலவழித்தால் 130 வெள்ளி. பணம் எடுத்தால் இன்னும் மோசம். இந்தியாவில் ஓர் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கிறீர்கள், அது ஏறத்தாழ 150 வெள்ளி. ஒரு தடவைக்கு 5 வெள்ளி கட்டணம் என்று வைத்துக்கொண்டாலும், நாணய மாற்றுக்கு முன்பே 3 விழுக்காட்டுக்கு மேல் கரைந்துவிட்டது. தாய்லாந்தில் பெரும்பாலான ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கென்று 200 பாட்டுக்கு மேல் தனியாக வாங்கும். அதை எந்தச் செயலியும் தள்ளுபடி செய்யாது.

கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் போய் ஏடிஎம் முன்னால் விழிப்பவர்கள் ஏராளம். ஏன் இந்தப் பூட்டு என்று எரிச்சல்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2012 ஜனவரியில் பூகிஸ் வட்டாரத்து ஏடிஎம்களில் திருட்டுக் கருவி பொருத்தி, கார்டுகளின் காந்தப்பட்டையை நகலெடுத்து, மலேசியாவில் பணத்தை உருவினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் கார்டைத் தொலைக்கவும் இல்லை, மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தைக் கடக்கவும் இல்லை. கார்டு பணப்பையில் பத்திரமாக இருந்தபடியே பணம் போயிருந்தது. அதனால் தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறித்துத் திறந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் மூடிவிடுங்கள்.

இந்தக் கார்டில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பினாங்கில் ஒரு ஹோட்டலில் அறைக்கு வைப்புத்தொகையாக 600 ரிங்கிட் கேட்டார்கள். பையன் தூக்கத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தான், யோசிக்காமல் சம்பளக் கணக்கின் டெபிட் கார்டை நீட்டிவிட்டேன். கிரெடிட் கார்டாக இருந்தால் கடன் வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் கணக்கிலிருந்தே அந்தத் தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அறையைக் காலி செய்த பிறகு அது விடுபட்டுத் திரும்ப 19 நாள் ஆனது. இடையில் காப்புறுதிச் சந்தாவுக்கான ஜைரோ (கணக்கிலிருந்து தானாகக் கழியும் கட்டணம்) வந்து, போதிய இருப்பு இல்லாமல் திரும்பிப் போனது. யாரும் திருடவில்லை, ஏமாற்றவில்லை, ஆனாலும் வீட்டுக் கணக்கு முழுதும் ஆடிப்போனது. அன்றிலிருந்து ஹோட்டல் முகப்பிலும் வாடகைக் காரிலும் டெபிட் கார்டைக் கொடுப்பதில்லை. மலேசியாவுக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பெட்ரோல் பம்பிலேயே கார்டை வைத்தால், 60 ரிங்கிட்டுக்கு நிரப்பினாலும் முதலில் 200 ரிங்கிட்டைப் பிடித்து வைக்கலாம். உள்ளே போய்க் காசாளரிடம் தொகையைச் சொல்லிக் கட்டுங்கள்.

பயணக் கார்டுகள்

யூடிரிப் 2018இலும் ரெவொலுட் 2019இலும் இங்கே வந்தன. வைஸ் கார்டும் இதே வகை. பேநவ் (சிங்கப்பூர் வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்ற முறை) வழியாகப் பணம் ஏற்றிக்கொண்டு, ஏற்றியதை மட்டும் செலவழிக்கிறோம். வங்கியின் 3.25 விழுக்காடு இவற்றில் இல்லை. யூடிரிப்பில் தனிக்கட்டணம் கிடையாது. வைஸ் மாற்றும்போதே கட்டணத்தைத் திரையில் காட்டிவிடும். ரெவொலுட்டில் வார இறுதியில் மாற்றினால் 1 விழுக்காடு கூடும், வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிவிடுவது நல்லது.

ஏடிஎம்மில் எடுப்பதற்கு மாதந்தோறும் ஓர் இலவச அளவு உண்டு. யூடிரிப்பில் 400 வெள்ளி வரை. ரெவொலுட்டின் அடிப்படைத் திட்டத்தில் 350 வெள்ளி அல்லது 5 தடவை. வைஸில் 350 வெள்ளிக்குள் 2 தடவை. அதைத் தாண்டினால் முதல் இரண்டிலும் 2 விழுக்காடு. கணவன், மனைவி இருவரும் ஆளுக்கொரு கார்டு வைத்துக்கொண்டால் இலவச அளவும் இரட்டிப்பாகும்.

இன்னொரு குறிப்பு. யென், யூரோ, பவுண்டு போன்றவற்றை விலை இறங்கும் நாளில் முன்கூட்டியே யூடிரிப்பில் மாற்றி வைத்துக்கொள்ளலாம். ரூபாய்க்கு அந்த வசதி இல்லை, கார்டைத் தட்டும் அந்த நொடியின் விகிதம்தான். ஜப்பானுக்குப் போகிறவருக்கும் மதுரைக்குப் போகிறவருக்கும் ஒரே கார்டு ஒரே பலனைத் தராது.

இவற்றில் இருக்கும் பணம் வங்கி வைப்பு அல்ல. வங்கிக் கணக்கில் உள்ள பணத்துக்கு 1,00,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு, 2024 ஏப்ரலில்தான் அது 75,000இலிருந்து உயர்ந்தது. இந்தப் பயணக் கார்டுகள் போன்ற மின்பணப்பைக்கு அந்தக் காப்புறுதி இல்லை. 2023 டிசம்பரிலிருந்து மின்பணப்பையில் 20,000 வெள்ளி வரை வைத்திருக்கலாம் என்று விதி மாறியிருக்கிறது. அதற்கு முன் 5,000தான். வரம்பு உயர்ந்துவிட்டது என்பதற்காக நிரப்பி வைக்காதீர்கள். நான் மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் ஏற்றுவேன், தீர்ந்தால் இன்னொரு முறை ஏற்றுவேன். கார்டை யாராவது தட்டிப் பறித்தாலும் போவது அந்த மூன்று நாள் செலவுதான்.

வெளிநாட்டு நாணயங்களை வைத்துக்கொள்ளும் வங்கிக் கணக்கோடு டெபிட் கார்டை இணைப்பது நடுவழி. காப்புறுதி உண்டு, அந்த நாணயத்தில் இருப்பு இருக்கும்வரை 3.25 விழுக்காடும் இல்லை. அடிக்கடி ஆஸ்திரேலியா, லண்டன் என்று போகிறவர்களுக்குப் பொருந்தும். ஊருக்குப் போகிற நம்மவர்களுக்கு, ரூபாய் அந்தப் பட்டியலில் இல்லாததால், பெரிய உதவி இல்லை.

"சிங்கப்பூர் வெள்ளியில் கட்டுகிறீர்களா?"

எந்தக் கார்டை எடுத்துப் போனாலும் இந்தக் கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னால் எல்லாக் கணக்கும் வீண். பாங்காக் விமான நிலைய ஏடிஎம்மில் நின்றபோது, 5,000 பாட் என்று அழுத்திய உடனே திரை மாறியது. மேலே பெரிய எழுத்தில் சிங்கப்பூர் வெள்ளியில் ஒரு தொகை, பக்கத்தில் பச்சை நிறத்தில் 'ஏற்கிறேன்'. கீழே சாம்பல் நிறத்தில் 'மாற்று விகிதம் வேண்டாம்'. 'வேண்டாம்' என்றால் பணமே வராதோ என்று யாருக்கும் தோன்றும். வரும். பணம் அப்படியே வரும், விகிதத்தைக் கார்டு நிறுவனம் போட்டுக்கொள்ளும். பச்சையை அழுத்தினால் அந்த இயந்திரத்துக்காரர் வைத்த விகிதம், அதில் அவர் லாபமும் சேர்ந்தே இருக்கும். கடைகளிலும் இதேதான். காசாளர் இயந்திரத்தை நம் பக்கம் திருப்புவார், பழகிய வெள்ளிக் கணக்கைப் பார்த்ததும் விரல் அங்கே போகும். வெளிநாட்டில் வெள்ளியிலேயே கட்டினாலும் நம் வங்கிகள் 1 விழுக்காடு வரை தனியாக வாங்குகின்றன. பயணக் கார்டிலும் பச்சையை அழுத்தினால் அந்தக் கார்டு எடுத்த பலனே போய்விடும். எப்போதும் அந்த நாட்டு நாணயம்தான்.

ரொக்கமும் கியூஆரும்

என் அத்தைக்கு வயது 71. "காசு மடியில இருந்தாத்தாம்மா எனக்குத் தைரியம். அந்தக் கார்டு வேலை செய்யலன்னா நான் யாரைப் போய்க் கேப்பேன்?" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கோவில் வாசல் பூக்காரம்மாவிடமோ, ஆட்டோவிலோ, கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் வைப்பதற்கோ வெளிநாட்டுக் கார்டு எதற்கும் ஆகாது. தேக்காவிலும் முஸ்தபா பேரங்காடிப் பக்கத்திலும் நாணயம் மாற்றும் கடைகள் நெருக்கமாக இருப்பதால் போட்டியில் ரூபாய் விகிதம் நன்றாகவே கிடைக்கும். நாலு கடை ஏறி இறங்கிக் கேளுங்கள். விமான நிலையத்தில் மாற்றாதீர்கள். ரூபாயைப் பொறுத்தவரை, வங்கி டெபிட் கார்டில் ஏடிஎம்மில் எடுப்பதைவிட இங்கே மாற்றிக் கொண்டுபோவது மலிவு என்பது என் அனுபவம். தொலைந்தால் தொலைந்ததுதான் என்பது ரொக்கத்தின் குறை. அதனால் முதல் இரண்டு, மூன்று நாளுக்கு மட்டும்.

தமிழ்நாட்டில் டீக்கடையில்கூட, கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் யூபிஐ அட்டை தொங்குகிறது. இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ வங்கிக் கணக்கு வைத்திருந்தால், சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணிலேயே யூபிஐ இயக்கலாம். 2023 ஜனவரியில் அனுமதி கிடைத்த 10 நாடுகளில் நம் நாடும் ஒன்று. அந்த வசதி உள்ளவருக்கு ஊர்ச் சில்லறைச் செலவுக்கு வேறு கார்டே தேவையில்லை. மற்றவர்களுக்கு 2023 பிப்ரவரியில் வந்த பேநவ்–யூபிஐ இணைப்பு கைகொடுக்கும். ஊரிலிருக்கும் சித்தப்பாவின் யூபிஐ முகவரிக்கு அனுப்பிவிட்டு அவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். நாளுக்கு 1,000 வெள்ளி வரைதான், இரு பக்க வங்கிகளும் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும். ஜோகூர் பாருவில் சாப்பாட்டுக் கடைகளுக்கு, 2023 மார்ச்சிலிருந்து மலேசியாவின் டுயிட்நவ் கியூஆரை நம் நெட்ஸ் வழியாகவே ஸ்கேன் செய்ய முடிகிறது.

கிளம்பும் முன்

சிம் விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே இறங்கியதும் சிங்கப்பூர் சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்டால், வங்கியிலிருந்து குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல் வராது. இணையத்துக்கு இசிம் வாங்கிக்கொண்டு, நம் சிம்மை அப்படியே விடுங்கள். வங்கிச் செயலியில் நம்மை உறுதிப்படுத்தும் மின்னிலக்க டோக்கன் அந்த ஒரு கைப்பேசியில்தான் இருக்கும். அது தொலைந்தால் கார்டு இருந்தும் செயலி இல்லை. அதனால் பயணக் கார்டுச் செயலி ஒன்றாவது துணைவரின் கைப்பேசியில் இருக்கட்டும்.

சம்பளக் கணக்கை என்ன செய்வது? 2023 நவம்பரிலிருந்து டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஆகிய மூன்று வங்கிகளிலும் பணத்தைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிய தொகையை இணையம் வழியாக யாராலும், நம்மாலும்கூட, நகர்த்த முடியாது. திறக்க நேரில் வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது திறக்க முடியாதே என்று தோழி ஒருத்தி தயங்கினாள். எனக்கு அதுதான் நிம்மதி.

இந்த முறை எங்கள் ஏற்பாடு இது. என் தோள்பையில் யூடிரிப், அதில் 300 வெள்ளி. கணவரின் பையில் இன்னொரு பயணக் கார்டு. ஹோட்டலுக்குக் கிரெடிட் கார்டு ஒன்று. அத்தையின் சுருக்குப்பையில் தேக்காவில் மாற்றிய 15,000 ரூபாய், 100, 200 ரூபாய்த் தாள்களாகக் கேட்டு வாங்கியது. வங்கி டெபிட் கார்டு பெட்டியின் அடியில் ஒரு காலுறைக்குள் இருக்கிறது, வெளிநாட்டுப் பயன்பாடு இன்னும் மூடியபடியே. மற்ற மூன்று கார்டுகளும் கைவிட்டால் மட்டும் செயலியில் திறப்பேன்.