தேள் ஸ்டிக்கர் ஒட்டிய புன்டோ: பெங்களூரில் அபார்த் தேடுபவர்கள் கவனத்துக்கு

போன பிப்ரவரியில் 6 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்து நான் வாங்கிய வண்டி அபார்த் புன்டோ (ஃபியட் புன்டோ காரின் வேகமான டர்போ வகை) இல்லை. சாதாரண புன்டோ ஈவோ. வெளியே அபார்த்தின் சின்னமான தேள் ஸ்டிக்கர், உள்ளே வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய டர்போ எஞ்சின். இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். மனைவி "வண்டி எப்படிங்க ஓடுது?" என்று கேட்டால் "சூப்பரா ஓடுது" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்விடுவேன். போன வாரம் ஒரு விளம்பரத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஃபியட் 2015 அக்டோபரில் இந்தியாவில் அபார்த் புன்டோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல் எஞ்சின், 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் டார்க், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், தரையிலிருந்து 155 மில்லிமீட்டர்தான் உயரம். 100 கிலோமீட்டர் வேகத்தை 8.8 விநாடியில் தொடும் என்று கம்பெனியே சொன்னது. நம்ம ஊரில் பத்து லட்சத்துக்குள் இப்படி ஒரு சின்ன வண்டி அதற்குமுன் வரவில்லை. விற்றது கொஞ்சம், இப்போது ஃபியட்டே இங்கே கடையைக் கட்டிவிட்டது. அதனால் நல்ல அபார்த் வைத்திருப்பவர்கள் லேசில் விற்பதில்லை. எனக்கு பாலியோ 1.6 காலத்திலிருந்தே ஃபியட் பைத்தியம் உண்டு. சச்சின் பெயரில் வந்த பாலியோ எஸ்10-ஐக் கல்லூரி நாட்களில் ஏக்கத்தோடு பார்த்தவன். இப்படிப்பட்டவனை ஏமாற்றப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை.

விளம்பரத்தில் "2015 அபார்த், லிமிடெட் எடிஷன், நம்பர் போட்ட வண்டி" என்று இருந்தது. ஓசூர் ரோடு பக்கம் ஒரு புரோக்கர். போனில் இரண்டு வார்த்தை கன்னடத்தில் பேசினேன், மூன்றாவது வார்த்தையிலேயே "ப்ரோ, நீங்க தமிழா? எந்த ஊரு?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் தர்மபுரி. அவருடைய மாமியார் வீடு பாலக்கோடாம். சரி, நம்ம ஊர்க்காரர் என்று பாதி எச்சரிக்கை அங்கேயே கரைந்தது.

வண்டியைப் பார்க்கப் போனபோது மணி ஆறரை. சாயங்காலம் வரச்சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது. வெள்ளை வண்டி, பக்கவாட்டில் சிவப்புப் பட்டை, ஸ்டியரிங் நடுவில் தேள், தேள் சாயலில் வரும் அந்த 16 அங்குல அலாய் வீல். டாஷ்போர்டில் ஒரு சின்ன உலோகத் தகடு: "047/300". "முந்நூறு வண்டிதான் ப்ரோ இந்தியாவுக்கே விட்டான், இது நாப்பத்தேழாவது" என்றார். தகட்டைத் தடவிக்கூடப் பார்த்தேன். அபார்த் புன்டோ எண் போட்டு விற்ற வண்டியே இல்லை. எண்ணிக்கை சொல்லி விற்றதென்றால் 2016-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐதான், இந்தியாவுக்கு 99 என்று அறிவித்தார்கள். அது மூன்று கதவு வண்டி, 1.8 லிட்டர் எஞ்சின். ஐந்து கதவு போலோவில் ஜிடிஐ பேட்ஜைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடலாம். புன்டோவில் அந்த வசதி இல்லை. சாதாரணதுக்கும் அபார்த்துக்கும் கூடு ஒன்றுதான்.

நான் முழு முட்டாள் இல்லை, ஆர்சியைக் கேட்டேன். போட்டோகாபி கொடுத்தார். மாடல் என்ற இடத்தில் "புன்டோ ஈவோ 1.4 எமோஷன்" என்று இருந்தது. கேட்டதற்கு, "ஆர்டிஓல அபார்த்னு ஒரு என்ட்ரியே அப்போ இல்ல ப்ரோ, கிளார்க் பழைய பேரையே தட்டிட்டான். சிசி பாருங்க" என்றார். பார்த்தேன். 1368. அபார்த்தும் 1368 சிசிதான், எனக்கு மனப்பாடம். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அந்த எண்ணைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஃபியட்டின் சாதாரண 1.4 பெட்ரோல் எஞ்சினும் 1368 சிசி, டர்போ வைத்த டி-ஜெட்டும் 1368 சிசி. சாதாரண புன்டோ 1.4-இன் சக்தி 90 குதிரைத்திறன். டி-ஜெட் எஞ்சின் ஃபியட்டின் இன்னொரு காரான லீனியாவில் வந்தபோது 114. அபார்த்தில் 145. மூன்று வண்டியின் ஆர்சியிலும் சிசி கட்டத்தில் ஒரே எண்தான் இருக்கும். அதனால்தான் 1.2 புன்டோவை விட்டுவிட்டு 1.4 எமோஷனாகத் தேடிப் பிடித்து இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே எண்ணை வைத்தே என்னை மடக்கினார்கள்.

நைஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டியது. டர்போ விசில் கேட்டது. லீனியா டி-ஜெட் எஞ்சினின் டார்க் 207, அபார்த்தின் 212-க்குப் பக்கத்தில்தான். அதற்குமுன் ஓட்டியது 1.2 ஸ்விஃப்ட். அதிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு 114-க்கும் 145-க்கும் வித்தியாசம் எங்கே தெரியும்? அன்று ராத்திரியே ஐம்பதாயிரம் அட்வான்ஸ்.

ஒரு மாதம் ராஜா மாதிரி சுற்றினேன். அப்புறம் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் "டங்" என்று இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம். வில்சன் கார்டனில் பல வருடப் பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். (வாங்குவதற்குமுன் அவரிடம் காட்டவில்லையா என்று கேட்பீர்கள். அவர் அப்போது ஊருக்குப் போயிருந்தார், எனக்குப் பொறுமை இல்லை.)

பாய் வலது பின் சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். உள்ளே சிவப்பாக ஒன்று இருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் வீல் இடைவெளி வழியாகப் பார்த்து, டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் என்று நான் மகிழ்ந்தது அதைத்தான். ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கீறு கீறினார். பெயிண்ட் நகத்தளவு சுருண்டு விழுந்தது. அடியில் துருவேறிய டிரம் பிரேக்.

"இன்னா தம்பி, அபார்த்துன்ன. அதுல பின்னாடி டிரம் எங்க வந்திச்சு?"

நான் பதில் பேசவில்லை. அவர் டார்ச்சை மேலே அடித்தார். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை கிரைண்டரால் அறுத்திருந்தார்கள், வண்டி அபார்த் மாதிரி தாழ்வாகத் தெரிய வேண்டுமே. அறுத்த முனை ஏற்றத்தாழ்வாக, தேய்க்காமல் அப்படியே இருந்தது. டங் என்ற சத்தம் அதனால்தான். பிறகு போனட்டைத் திறந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எஞ்சின் பிளாக்கில் எண் பொறித்த இடத்தைத் துடைத்து, "ஆர்சி எடு" என்றார். சேஸிஸ் எண் சரியாக இருந்தது. எஞ்சின் எண்ணில் ஒரு இலக்கம்கூடப் பொருந்தவில்லை. "லீனியா எஞ்சினு. சிவாஜிநகர் குஜிரில எடுத்திருப்பானுங்க. வீலு மட்டும்தான் உன்கிட்ட ஒரிஜினலு" என்றார். (குஜிரி என்றால் பழைய பாகங்கள் விற்கிற சந்தை.) எங்கோ ஒரு உண்மையான அபார்த் வேறு சக்கரத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று ராத்திரிதான் அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். முன்பே ஐந்து நிமிடத்தில் செய்திருக்க வேண்டியது. தயாரிப்பு 2014 நவம்பர், பதிவு 2015 பிப்ரவரி. அபார்த் புன்டோ விற்பனைக்கு வந்ததே 2015 அக்டோபரில். எட்டு மாதம் கழித்துப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே பிறப்புச் சான்றிதழ்! விளம்பரத்தில் "2015" என்று வருடத்தை மட்டும் போட்டதில் பொய்யே இல்லை. மாதத்தைப் பார்க்காதது நான்.

புரோக்கருக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு நாள் "ப்ரோ, மீட்டிங்ல இருக்கேன்". மூன்றாம் நாள் குரலே மாறியது. "நான் அபார்த்னு எங்க எழுதிக் குடுத்தேன்? அக்ரிமென்ட்ட படிங்க சார்." ப்ரோ சாராகிவிட்டேன். முத்திரைத்தாளை எடுத்துப் பார்த்தால் "ஃபியட் கார் ஒன்று, உள்ளது உள்ளபடி" என்றுதான் இருந்தது. விளம்பரத்தை எப்போதோ எடுத்துவிட்டார். நான் ஸ்கிரீன்ஷாட் வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசியதெல்லாம் தானாக அழிகிற மாதிரி செட் செய்திருந்தார், அதையும் அப்போது கவனிக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போனேன், "சிவில் மேட்டர் சார்" என்று கன்னடத்தில் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். பாலக்கோட்டு மாமியார் கதையைப் பிடித்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் பேசியதில் 60 ஆயிரம் திரும்பி வந்தது. மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி எஞ்சின். எஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். என் வண்டியில் அது இல்லை. அந்த எஞ்சினுக்கு பில்லும் இல்லை. திருட்டு வண்டியிலிருந்து வந்ததா, விபத்து வண்டியிலிருந்து வந்ததா, தெரியாது. ஏதாவது மோதினால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் எஞ்சின் எண்ணைத்தான் பார்ப்பார். அதனால் வண்டி அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் கவர் போட்டு நிற்கிறது. ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரில்தான். அதுவும் நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

யாராவது அபார்த் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பகலில் போங்கள். பின் சக்கரத்தில் டிரம் இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். ஆனால் டிஸ்க் இருப்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். லீனியா டி-ஜெட்டிலும் நான்கு டிஸ்க்தான், கொஞ்சம் உழைப்பாளியாக இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றியிருப்பான். ஆர்சியில் மாடல் பெயரையும் தயாரிப்பு மாதத்தையும் ஆப்பில் நீங்களே பாருங்கள், கிளார்க் தட்டிவிட்டார் என்ற கதை வந்தால் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். பத்து லட்ச ரூபாய் அபார்த்தை வாங்கியவன் முதல் வருடம் அதைச் சாதாரண புன்டோ என்று இன்ஷூர் செய்திருக்க மாட்டான். எஞ்சின் எண்ணைத் துடைத்துப் பாருங்கள், துடைக்க விடவில்லை என்றால் அதுவே பதில். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் கேட்டிருந்தால் என் ஆள் அன்றே போனை வைத்திருப்பார்.

நான் பார்த்த அந்த விளம்பரம்: கறுப்பு வண்டி, போன் எண் வேறு, இடம் எலக்ட்ரானிக் சிட்டி. "2015 அபார்த், லிமிடெட் எடிஷன்." ஆறாவது போட்டோவில் டாஷ்போர்டு தெரிகிறது. அதே தகடு, அதே எழுத்து. எண் மட்டும் 112/300. இந்த முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன்.