பழைய வீடு வாங்கித் திருத்தி விக்கிற ஆக்களுக்கு நல்ல லோயர் ஒபிஸ், வெள்ளவத்தை

நானும் மச்சானும் பம்பலப்பிட்டியில ஒரு பழைய வீட்டை வாங்கித் திருத்தி விக்கலாம் எண்டு பாத்தனாங்கள், அட்வான்ஸ் குடுக்க முதல் உறுதிக் கொப்பியை இவையிட்டக் குடுத்து செக் பண்ணச் சொன்னம்.

உறுதியை வாசிச்சிட்டு ஓகே எண்டு சொல்லி அனுப்புற ஆக்கள் இல்ல. காணிப் பதிவகத்தில 30 வருசம் பின்னால போய்த் தேடி, மாநகரசபையில ஸ்ட்ரீட் லைன், நொன் வெஸ்டிங் (காணி சபைக்குச் சொந்தமாகேல்ல எண்டது) சேர்டிபிகேட் ரெண்டும் எடுத்துப் பாத்தா, வீதி அகலிக்கிற கோடு முன் ஹோலுக்குள்ளால போகுது! அந்தப் பக்கம் புதுசாக் கட்ட அனுமதி எடுக்கிறது பெரிய கஷ்டம், விக்கேக்க விலையும் விழும். அதோட மேல்மாடி அப்ரூவ்ட் பிளான்லயே இல்ல, சீஓசியும் (பிளானின்படிதான் கட்டினது எண்ட சேர்டிபிகேட்) இல்ல, எங்களிட்ட வாங்க வாறவர் பாங்க் லோன் கேட்டா அங்கதான் சிக்கும். பின் அறையில கனகாலமா இருக்கிற குடித்தனக்காரருக்கு 1972 வாடகைச் சட்டத்தில பாதுகாப்பு இருக்கோ எண்டும் விசாரிச்சவை, இதெல்லாம் எந்த புரோக்கர் சொல்லுவார் சொல்லுங்கோ.

முத்திரைத் தீர்வையையும் (முதல் 1 லட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%) சேத்து லாபக் கணக்குப் போடச் சொன்னது அங்க இருக்கிற லோயர் மிஸ்தான். தமிழில ஆறுதலா விளங்கப்படுத்துவா, பீஸும் முதலே சொல்லுவினம். ஒரே குறை, போன் எடுத்தா லேசில ஆன்சர் இல்ல, நேர போறது நல்லம்.

அந்த வீட்டை விட்டிட்டம். இப்ப கொட்டாஞ்சேனையில பாக்கிற வீட்டின்ர உறுதியும் இவையிட்டதான் இருக்கு.