வெனிஸ் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டீர்கள் என்று மெயில் வந்ததா?

முட்டத்தில் கரைமடி (கரையில் நின்று இழுக்கும் மீன்வலை) இழுப்பவர்களை வைத்து 7 நிமிட வீடியோ ஒன்று செய்திருந்தேன். படத்தில் வடமும் கால்களும் மட்டும்தான். வேலை முழுக்க ஒலியில்: வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டு, அலை, மூச்சு. இன்ஸ்டாகிராமில் ஒரு துண்டு போட்ட மூன்றாம் நாள் மெயில் வந்தது. பியனாலே என்ற, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் சமயத்தில் வெனிஸில் வளரும் கலைஞர்களுக்கான வீடியோ கண்காட்சியாம், நான் தேர்வாகிவிட்டேனாம். நான் விண்ணப்பிக்கவே இல்லை. அது அப்போது உறைக்கவில்லை.

பங்கேற்புக் கட்டணம் 180 யூரோ. வங்கிப் பிடித்தத்தோடு 17,000 ரூபாயைத் தொட்டது. மாமிதான் சீட்டுப் பணத்திலிருந்து தந்தார்கள். “செலக்ட் பண்ணினவன் எதுக்குல ரூவா கேக்கான்?” என்று கேட்கவும் செய்தார்கள். மாமிக்கு ஆர்ட் உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மிலானில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள், லீவு நாளில் இரண்டரை மணி நேரம் ரயிலில் போய்ப் பார்த்தாள். ஒரு கட்டடத்தின் நடைவழியில் ஒரே ஒரு டிவி. நாற்பது பேருடைய வீடியோவும் அதிலேயே வரிசையாக ஓடுகிறது. என் முறை வர மூன்று மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். வந்தது, சத்தமே இல்லாமல். கேட்டதற்கு, பக்கத்து அறைக்காரர்களுக்குத் தொந்தரவாம். அம்பா பாட்டு இல்லாமல் அதில் என்ன இருக்கிறது?

எல்லாக் கட்டணமும் ஏமாற்று இல்லை. பட விழாக்கள் பல, அனுப்பும்போதே நுழைவுக் கட்டணம் வாங்கும். தேர்வு செய்துவிட்டுக் காசு கேட்பது இட வாடகை. 1895-ல் தொடங்கிய வெனிஸ் பியனாலேயின் முதன்மைக் கண்காட்சிக்கு, படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் கியூரேட்டர்தான் அழைப்பார். பியனாலே அங்கீகரித்த துணை நிகழ்ச்சி என்றால் அவர்கள் இணையதளத்திலேயே பெயர் இருக்கும். நான் தேடிப் பார்த்ததே பணம் கட்டிய பிறகுதான்.

2012-ல் தொடங்கிய கொச்சி பியனாலே நமக்குப் பக்கம். நாகர்கோவிலில் ரயிலேறி ஒரு தடவை போய் வந்தால் போதும், வீடியோவுக்கு இருட்டறையும் ஸ்பீக்கரும் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். முன்பே அங்கே போயிருந்தால், எத்தனை திரை, ஒலி எப்படி என்றாவது வெனிஸ்காரர்களிடம் கேட்டிருப்பேன்.

பணத்தைவிட உறுத்துவது வேறு. பாஸ்வேர்டு போட்ட லிங்க் அனுப்பாமல், ஒப்பந்தமும் இல்லாமல், முழுத் தரத்தில் ஃபைலையே கொடுத்துவிட்டேன். அழித்துவிடச் சொல்லி மூன்று மெயில் போட்டாயிற்று. நேற்று பதில் வந்தது: டோக்கியோவுக்கும் தேர்வாகியிருக்கிறேனாம், பழைய ஆள் என்பதால் 15 சதவீதம் தள்ளுபடியாம்.