ஐசோஃபிக்ஸா சீட் பெல்ட்டா, குழந்தை சீட்டை எதுல மாட்டுறது?

சரியா மாட்டினா ரெண்டுமே பாதுகாப்புதான். பெல்ட்ல பிரச்சனை என்னன்னா, அது முறுக்கிக்கும், லூசா நிக்கும், வெளிய பாத்தா தெரியவே தெரியாது, அதனால சீட் மேல முட்டியை ஊனி நல்லா அமுக்கிக்கிட்டே பெல்ட்டை இழுங்க, அப்புறம் பெல்ட் போற இடத்துல புடிச்சு ஆட்டிப் பாருங்க, ஒரு இஞ்சுக்கு மேல அசைஞ்சா கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க. ஐசோஃபிக்ஸ்ல இந்த பாடு இல்ல, பின்சீட் இடுக்குல இருக்குற ரெண்டு இரும்பு வளையத்துல க்ளிக்னு உக்காந்துரும், தப்பு நடக்க வாய்ப்பு கம்மி, அதான் வளையம் இருக்குற காருக்கு என் ஓட்டு இதுக்கே. ஆனா டாப் டெதரோ (குழந்தை சீட்டோட மேல்பக்கத்தை காரோட இழுத்துக் கட்டுற பட்டை) சப்போர்ட் லெக்கோ (சீட்டுல இருந்து கார் தரையில ஊனுற கால்) இருந்தா அதையும் மாட்டணும், விட்டுட்டா மோதும்போது சீட் முன்னாடி கவுந்துரும், தயவுசெஞ்சு இதை மறக்காதீங்க.

பழைய கார், டாக்ஸின்னு மாத்தி மாத்தி போறவங்களுக்கு பெல்ட்தான் தோது. ஐ-சைஸ்ல (குழந்தை சீட்டுக்கான ஐரோப்பிய பாதுகாப்பு விதி) சீட்டும் குழந்தையும் சேந்து 33 கிலோ தாண்டுனாலும் பெல்ட்தான்.

எதுல மாட்டினாலும் 15 மாசம் வரைக்குமாவது குழந்தை பின்பக்கம் பாத்துதான் உக்காரணும், ஐ-சைஸ் விதியே அதான். அப்படி பின்பக்கம் பாத்த சீட்டை ஏர்பேக் ஆன்ல இருக்குற முன்சீட்டுல வைக்கவே வைக்காதீங்க, உயிருக்கே ஆபத்து.