ரீத்தா மேஸியா, எதுல ஆரம்பிக்கலாம்?

ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு லெக்சர் கேக்குற ஆளு நான். ஜனநாயகம் ஏன் இப்படி ஆட்டம் காணுது, இனவெறி எங்கேர்ந்து முளைக்குது, இந்த மாதிரி சமாச்சாரத்தைப் பெரிய படிப்பாளிங்க வந்து சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி பேசுற ரெண்டு ரேடியோ வரிசை இருக்கு. ஒண்ணு பிபிசியோட ரீத் லெக்சர்ஸ், இன்னொண்ணு கனடா சிபிசியோட மேஸி லெக்சர்ஸ். எதுல ஆரம்பிக்கிறதுன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், அவனுக்கு நாலு வரி டைப் பண்ண உக்காந்தேன், அது இவ்ளோ நீளமா போயிடுச்சு.

வயசுல ரீத் தான் மூத்தது. பிபிசியோட முதல் டைரக்டர் ஜெனரல் ஜான் ரீத் பேர்ல 1948ல ஆரம்பிச்சது, முதல் பேச்சாளர் தத்துவ மேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். மேஸி 1961ல வந்தது, கனடாவுலயே பொறந்து அங்க கவர்னர் ஜெனரல் ஆன முதல் ஆளு வின்சென்ட் மேஸி, அவர் பேரு. ரெண்டுலயும் வழக்கமா வருஷத்துக்கு ஒருத்தரக் கூப்பிட்டு ஒரே விஷயத்தப் பல பேச்சா பேச விடுவாங்க, ரீத்ல இப்பல்லாம் பெரும்பாலும் நாலு, மேஸில அஞ்சு. நாலுக்கும் அஞ்சுக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும், ஆனா கேக்கும்போது தெரியும், மேஸில ஆளு அவசரப்படாம சுவத்தைக் கல்லு கல்லா எழுப்புவாங்க, ரீத்ல ஒவ்வொரு பேச்சும் தனியா நிக்கும், நடுவுல ஒண்ண விட்டாலும் ஒண்ணும் குடி முழுகாது.

மேஸிய நான் தூக்கி வெச்சு பேசுறதுக்கு முக்கால்வாசி காரணம் 1967தான். அந்த வருஷம் பேசுனது மார்ட்டின் லூதர் கிங். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தக் கனவுப் பேச்சு 1963, அத மட்டும் கேட்டுட்டு கிங்னா ஏதோ எல்லாரையும் அணைச்சுக்கிட்டுப் போற சாது மனுஷன்னு நெனச்சிட்டிருந்தேன், இதக் கேட்டப்புறம் அந்த நெனப்பெல்லாம் போச்சு. அது அமெரிக்காவுல டெட்ராய்ட், நியூவார்க்னு கறுப்பினத்தவர் இருந்த பகுதிங்க ஊரு ஊரா பத்தி எரிஞ்ச வருஷம். கலவரம் பண்ணவங்க செஞ்சது குத்தம்தான்னு ஒத்துக்கிறாரு, ஆனா அது ஒரு பெரிய குத்தத்தோட வயித்துல பொறந்த சின்ன குத்தம்னு சொல்றாரு, சேரிய உண்டாக்குனது யாரு, வேலை குடுக்காம வெச்சது யாருன்னு கணக்கு கேக்குறாரு. அப்புறம் ரெட் சிக்னல்ல நிக்கணும்ங்கிற சட்டம் தப்பில்ல, ஆனா எங்கயோ தீ பிடிச்சிருச்சுன்னா ஃபயர் இன்ஜின் சிக்னலத் தாண்டித்தான் போகும், மத்த வண்டிங்க ஒதுங்கி வழி விடணும், ஏழைங்க வீட்ல இப்ப தீ எரியுதுங்கிறாரு. பெரிய அளவுல சட்ட மறுப்பு ஏன் வேணும்ங்கிறதுக்கு அவர் சொன்ன உதாரணம் இது. இதவிட சுருக்கமா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

கேக்குறது கனடாக்காரங்கங்கிறதையும் அவர் மறக்கல. அடிமைங்க தப்பிச்சு ஓடுன காலத்துல கனடாதான் வடதிசை நட்சத்திரம், அவங்க பாட்டுல வர்ற சொர்க்கம்ங்கிற வார்த்தைக்கு உள்ளர்த்தமே கனடாதான்னு ஆரம்பத்துலயே சொல்றாரு. அஞ்சாவது பேச்சு அட்லாண்டாவுல அவரோட சொந்த சர்ச்சுல கிறிஸ்துமஸுக்கு மொத நாள் குடுத்தது. அடுத்த ஏப்ரல் 4 மெம்ஃபிஸ்ல சுட்டுட்டாங்க.

ரீத்ல இதுக்கு ஜோடி யாருன்னா நான் 2016ல பேசுன தத்துவப் பேராசிரியர் க்வாமே அந்தோனி அப்பையாவைத்தான் சொல்லுவேன். மதம், நாடு, நிறம், கலாச்சாரம்னு நாலு பேச்சு, லண்டன், கிளாஸ்கோ, அக்ரா, நியூயார்க்னு நாலு ஊரு. மனுஷனோட அப்பா கானா, அம்மா இங்கிலீஷ்காரங்க, அதுலயும் அம்மாவப் பெத்த தாத்தா யாருன்னா 1942ல நம்ம ஊருக்குத் தூது வந்தாரே ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ், அவரேதான்! பள்ளிக்கூடத்துல கிரிப்ஸ் தூதுக்குழு அஞ்சு மார்க் கொஸ்டினா எழுதுனப்ப அவரோட பேரன் கானாவுல போய் நிறத்தப் பத்திப் பேசுவாருன்னு யாரு கண்டா. அந்த அக்ரா பேச்சு ஆன்டன் வில்ஹெம் அமோவோட கதையில தொடங்குது. இப்ப கானாவா இருக்குற பக்கத்துலேர்ந்து சின்னப் புள்ளையா ஜெர்மனிக்குக் கொண்டு போகப்பட்டு, 18ஆம் நூற்றாண்டுலயே அங்க யுனிவர்சிட்டில தத்துவம் சொல்லிக்குடுத்த கறுப்பினத்தவர். இனம்ங்கிறது ரத்தத்துல ஊறுனது, மாறாததுங்கிற நம்பிக்கை ஆதிகாலத்துலேர்ந்து வந்ததில்ல, பின்னாடி வந்து கெட்டிப்பட்டதுன்னு அப்பையா நிதானமா எடுத்து வெக்கிறாரு.

கிங் உங்கள எழுந்து நிக்க வெப்பாரு, அப்பையா உக்கார வெச்சு யோசிக்க வெப்பாரு. எனக்கு முன்னது புடிக்கும். ஆனா ரீத்ல ஒரு விஷயத்துக்கு மேஸி கிட்ட கூட வர முடியாது, அதான் பேச்சு முடிஞ்சப்புறம் வர்ற கேள்வி நேரம். ரஸ்ஸல் காலத்துல எல்லாம் ஸ்டூடியோல மைக் முன்னாடி தனியா வாசிச்சுட்டுப் போனதுதான், இப்ப ஹால்ல கூட்டம் இருக்கும், கேள்வி கேப்பாங்க, அதுவும் ஒலிபரப்பாகும். 2023ல அரசியல் பேராசிரியர் பென் ஆன்செல் ஜனநாயகத்தோட எதிர்காலம்னு பேசுனப்ப ஒரு பேச்சுக்கு சண்டர்லேண்டுக்கே போனாரு, பிரெக்ஸிட் ஓட்டுல ஐரோப்பிய யூனியன விட்டு வெளியேறணும்னு பலமா குத்துன வட இங்கிலாந்து ஊரு அது, தலைப்பு ஒற்றுமை. ஒற்றுமையப் பத்தி லண்டன்ல பேசுனா கைதட்டிட்டுப் போயிருப்பாங்க. மேஸில பேச்சு முதல்லயே புத்தகமா எழுதி முடிச்சிருப்பாங்க, அதனால சில வருஷம் யாரோ அத்தியாயம் வாசிச்சுக் காட்டுற மாதிரியே இருக்கும், எனக்கு ரெண்டு தடவை தூக்கமே வந்துருச்சு.

இந்த ரெண்டும் வேணாம், ஆழமா வேணும்னா பாரிஸ்ல காலேஜ் த ஃபிரான்ஸ் இருக்கு. 1530லேர்ந்து நடக்குது, டிகிரி கிடையாது, ஃபீஸ் கிடையாது, யாரு வேணா போய் உக்காரலாம். பிரெஞ்சு தத்துவவாதி மிஷெல் ஃபூக்கோ 1976ல அரசாங்கமே இனவெறிய எப்படி உள்ள வாங்கிக்கிச்சுன்னு அங்கதான் பேசுனாரு. கூட்டம் தாங்காம சாயங்கால வகுப்பக் காலைக்கு மாத்திப் பாத்தாரு, அப்பவும் கொறையல, மேஜை பூரா கேசட் ரெக்கார்டர். இவ்ளோ பேரு வந்தும் யாரும் கேள்வி கேக்க மாட்டேங்குறாங்க, முடிச்சதும் தனியா விட்ட மாதிரி இருக்குன்னு அவரே வருத்தப்பட்டுருக்காரு. பிரெஞ்ச் தெரிஞ்சா போங்க, இல்லன்னா மொழிபெயர்ப்புப் புத்தகம்தான் கதி.

ரீத்ல எனக்கு ஒரு நெருடல் இருக்கு. 2025ல டச்சு வரலாற்று எழுத்தாளர் ருட்கர் பிரெக்மன் பேசுனப்ப ட்ரம்ப் பத்தின ஒரு வரிய பிபிசி வெட்டிட்டாங்க. மேல்தட்டு ஆளுங்க பயந்து வளைஞ்சு போறாங்கன்னு திட்டுற பேச்சுல போய் அத வெட்டுனா என்னன்னு சொல்றது, சிரிப்புதான் வந்துச்சு. 2011ல மியான்மரோட ஆங் சான் சூச்சி சுதந்திரத்தப் பத்தி ரகசியமா ரெக்கார்ட் பண்ணிக் குடுத்த பேச்சும் இதே வரிசைதான், 2019ல அவங்களே ஹேக்ல இருக்குற சர்வதேச கோர்ட்ல, ரோஹிங்கியா முஸ்லிம்கள இன அழிப்பு பண்ணாங்கங்கிற வழக்குல, மியான்மர் அரசாங்கத்துக்காக வாதாடப் போனாங்க. அத மனசுல வெச்சுக்கிட்டு இப்ப அந்தப் பேச்சக் கேட்டுப் பாருங்க, வேற மாதிரி கேக்கும்.

மேஸி ஆளுங்க சொந்த வீட்டு அழுக்கையும் எடுத்துப் போடுறாங்க, அது பெரிய விஷயம். 2018ல பத்திரிகையாளர் தான்யா தலாகா பேசுனது பழங்குடிப் பசங்க ஏன் இவ்ளோ பேரு தற்கொலை பண்ணிக்கிறாங்கன்னு. குழந்தைங்களப் பெத்தவங்ககிட்டேர்ந்து பிரிச்சு ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல அடைச்சது 1990கள் வரைக்கும் நடந்திருக்கு, அந்த வலி தலைமுறை தாண்டி வருதுன்னு கனடாவ மட்டுமில்லாம பிரேசில், ஆஸ்திரேலியா, நார்வேயோட சாமி (Sámi)ங்கிற பழங்குடி மக்கள் வரைக்கும் இழுத்துக் காட்டுறாங்க. மனசு சரியில்லாத நாள்ல இத மட்டும் போடாதீங்க.

காசு விஷயம்னா ரெண்டையுமே ஓசில கேக்கலாம். படிக்கணும்னா ரீத் பேச்சு முழுசும் எழுத்து வடிவத்துல ஓசிலயே கிடைக்குது, மேஸிக்குப் புத்தகம் வாங்கணும், இங்க அது விலை ஜாஸ்தி. பரீட்சைக்கோ கட்டுரைக்கோ பாயிண்ட் தேடுறவங்களுக்கு ரீத் போதும்.

ஃப்ரெண்டுக்கு நான் சொன்னது, முதல்ல அப்பையாவோட அக்ரா பேச்சு ஒண்ணே ஒண்ணு, கேள்வி நேரத்தோட சேத்து. அப்புறம் கிங்கோட அஞ்சு, ஒரு நாளைக்கு ஒண்ணுதான். அவன் ஃபயர் இன்ஜின் வரைக்கும் வந்துட்டு ராத்திரி பதினொண்ணரைக்கு எனக்குப் போன் பண்ணான்.