ஆங்கிலம் கற்பிக்க முதன்முறை வெளிநாடு: கொரியா, ஜப்பான், சீனா, தாய்லாந்து விசாக்கள் ஓர் ஒப்பீடு

ஆங்கிலம் கற்பிக்க முதன்முறையாக வெளிநாடு செல்ல நினைப்பவர்கள் சம்பளத்தையும் ஊரையும் பார்த்தே நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; விசாவைப் பற்றிய யோசனை வேலை உறுதியான பிறகுதான் வருகிறது. அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும், எந்த நாடு தனக்கு ஒத்துவரும் என்பது பாதிக்கு மேல் தெளிவாகிவிடும். ஆவண வேலை புறப்படுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறதா, போய் இறங்கிய பிறகும் தொடர்கிறதா என்பது முதல் கேள்வி. கையில் கிடைக்கும் அனுமதி ஆசிரியரைச் சார்ந்ததா, அவரை வேலைக்கு எடுத்த பள்ளியைச் சார்ந்ததா என்பது இரண்டாவது கேள்வி.

பட்டச் சான்றிதழ், காவல் துறையின் நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவை ஏதோ ஒரு வடிவில் பெரும்பாலான நாடுகளில் கேட்கப்படுகின்றன. வேறுபாடு அவற்றை எப்படி உறுதிப்படுத்த வேண்டும் என்பதில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் எனப்படும் ஒற்றைச் சான்று போதும். சேராத நாடாக இருந்தால் நோட்டரி, சொந்த நாட்டின் வெளியுறவு அமைச்சகம், போகும் நாட்டின் தூதரகம் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும். சீனாவில் இந்த உடன்படிக்கை 2023 நவம்பர் 7 அன்றும் கனடாவில் 2024 ஜனவரி 11 அன்றும்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இன்னும் பழைய பாதையையே சொல்லிக்கொண்டிருப்பதால், படிக்கும் குறிப்பின் தேதியைப் பார்த்துவிட்டுப் படிப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

அப்போஸ்டில் என்பது ஆவணத்தில் உள்ள செய்தி உண்மை என்று சொல்லும் சான்று அன்று; அதில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆகவே பட்டச் சான்றிதழில் வெறும் முன்னெழுத்தாக நிற்கும் பெயர் கடவுச்சீட்டில் முழுப் பெயராக விரிந்திருந்தால், எத்தனை முத்திரை குத்தினாலும் அந்த முரண்பாடு தீராது. குடியேற்ற அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். பெயர் வேறுபாட்டைச் சரிசெய்யும் வேலையை முத்திரை வாங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு என்றால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

தென்கொரியா மொழி ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசாவில் சுமையில் பெரும்பகுதி புறப்படும் முன்பே வந்துவிடுகிறது. இளங்கலைப் பட்டத்தின் சான்றொப்பமிட்ட நகலுக்கு அப்போஸ்டில், தேசிய அளவிலான குற்றப் பின்னணிச் சான்றுக்கு அப்போஸ்டில், பள்ளியுடன் கையெழுத்தான ஒப்பந்தம் ஆகியவை முதலில் தயாராக வேண்டும். குற்றப் பின்னணிச் சான்றுக்கு ஆறு மாதக் காலக்கெடு உண்டு என்பதால் அதை மிகவும் முன்கூட்டி வாங்கினாலும் வீண், தாமதித்தாலும் ஆபத்து. அமெரிக்கர் ஒருவர் தன் மாநிலக் காவல் துறையிடம் சான்று வாங்கி அனுப்பினால் அது செல்லாது. அந்நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் சான்றுதான் வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு போதைப்பொருள் சோதனையும் அடங்கிய மருத்துவப் பரிசோதனையும், 90 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவும் மட்டுமே பாக்கி. விதிகள் கறாரானவை, ஆனால் ஒளிவுமறைவு இல்லாதவை.

கொரியாவின் கதவு எல்லோருக்கும் திறந்ததன்று. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கே இந்த விசா பொதுவாகக் கிடைக்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின் வழியே, ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்குப் பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேர ஒரு சிறு வாசல் உண்டு. தனியார் பயிற்சி நிலையங்களுக்கு அது பொருந்தாது. இன்னொரு குறை, இ-2 விசா பள்ளியோடு இறுக்கமாகக் கட்டப்பட்டது. ஒப்பந்தக் காலத்தின் நடுவில் வேறு பள்ளிக்கு மாற விரும்பினால் பழைய முதலாளி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். உறவு கெட்டுப்போன நிலையில்தான் ஒருவர் விலக நினைப்பார். அந்த நிலையில் இருக்கும் முதலாளியிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வைக்கும் ஏற்பாடு புதியவருக்குச் சாதகமானதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே முக்கிய வேலையைச் செய்வது பள்ளி. அது ஜப்பானியக் குடியேற்றத் துறையிடம் விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் ஒன்றைப் பெற்று அனுப்பும். இதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை பிடிக்கும். அதைக் காட்டி விசா பெற்று, அது வெளியான மூன்று மாதத்துக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும். 2023 மார்ச் முதல் இந்தச் சான்றிதழை மின்னஞ்சலிலேயே பெற்றுக்கொள்ள முடிவதால், அஞ்சலில் தாள் தொலையும் கவலையும் ஓரளவு நீங்கிவிட்டது. அப்போஸ்டில் அலைச்சல் கொரியாவை ஒப்பிட மிகக் குறைவு. பெரிய விமான நிலையங்களில் இறங்கியவுடனேயே வசிப்பு அட்டை கைக்கு வந்துவிடும். குடியேறிய 14 நாட்களுக்குள் உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தால் போதும்.

ஜப்பானில் கவனிக்க வேண்டியது விசாவின் வகை. முறைப்படியான பள்ளிகளில் வேலை செய்பவருக்கு ‘ஆசிரியர்’ என்ற வகையும், தனியார் உரையாடல் பள்ளிகளில் வேலை செய்பவருக்கு ‘பொறியியல், மானிடப் புலங்கள், பன்னாட்டுச் சேவை’ என்ற வகையும் வழங்கப்படுகின்றன. இரண்டும் ஒரே வேலைதானே என்று நினைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் சிக்கல்தான். வகையை மாற்றித் தரும்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேர்பவர் ஆங்கில வழியிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் கல்வி கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்களுக்கு இது தடையாகத் தோன்றினாலும், ஆங்கில வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு இதுவே சாவி. வெளிநாட்டவரைப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாகச் சேர்க்க 1987இல் தொடங்கிய ஜெட் திட்டம் அரசு வழியாகவே ஆட்களைச் சேர்ப்பதால் ஆவண வேலையில் நல்ல துணையாக இருக்கும். ஆனால் இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்தவர் புறப்படுவது அடுத்த கோடையில்தான்.

ஜப்பானின் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் இதுதான்: வேலை போனாலும் வசிப்பு உரிமை அதே நாளில் போய்விடுவதில்லை. வேலை மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவித்துவிட்டு, அதே வகைக்குள் வேறு வேலை தேடலாம். தக்க காரணமின்றி மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தால்தான் உரிமையைப் பறிக்க இடமுண்டு. பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை என்பது, வெளிநாட்டில் முதல் ஆண்டைக் கழிப்பவருக்குச் சம்பளத்தில் சில ஆயிரம் கூடுதலாகக் கிடைப்பதைவிட மேலான பாதுகாப்பு.

சீனா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பட்டம் பெற்ற பின் இரண்டு ஆண்டு கற்பித்த அனுபவம் இருக்க வேண்டும். இல்லையென்றால் டெஃப்ல் போன்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றிதழ் அதற்கு ஈடாக ஏற்கப்படும், வழக்கமாகக் கேட்கப்படுவது 120 மணி நேரப் பயிற்சி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரா என்பது பெரும்பாலும் கடவுச்சீட்டைப் பார்த்தே முடிவாகிறது. பணி அனுமதி அறிவிப்பு வந்த பிறகு தூதரகத்தில் வேலைக்கான இசட் விசா பெற வேண்டும், உள்ளே நுழைந்த 30 நாட்களுக்குள் அதை வசிப்பு அனுமதியாக மாற்ற வேண்டும். மாணவர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ வந்து வகுப்பெடுத்து மாட்டிக்கொண்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். தீவிரமான குற்றம் என்று கருதப்பட்டால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சி வணிகத்தை அரசு ஒடுக்கியதிலிருந்து, வேலை தரும் நிறுவனத்துக்கு வெளிநாட்டவரை எடுக்கும் உரிமம் உண்டா என்று கேட்பது ஆசிரியரின் வேலையாகவும் ஆகிவிட்டது.

தாய்லாந்து வாசலில் எளிதாகத் தெரியும், உள்ளே போனால் நீளும். வேலைக்கு வருபவர்களுக்கான, 90 நாள் செல்லும் ‘நான்-பி’ விசாவில் நுழைந்து, அங்கே பணி அனுமதி பெற்று, பிறகு ஓராண்டுக்கு நீட்டிக்க வேண்டும். முறைப்படியான பள்ளிகளில் கற்பிக்க ஆசிரியர் மன்றத்தின் தற்காலிக அனுமதியும் வேண்டும். இவற்றோடு 90 நாளுக்கு ஒருமுறை முகவரியை அறிவிக்கும் கடமை தொடரும். விடுமுறைக்கு வெளிநாடு போய்வர நினைப்பவர் முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்க மறந்தால், எல்லையைத் தாண்டிய கணத்தில் ஓராண்டு நீட்டிப்பு முழுவதும் வீணாகிவிடும். அந்த அனுமதிக்கு ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். வேலையை விட்டால் நீட்டிப்பும் அந்த நாளோடு முடிகிறது. அதன்பின் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். வியட்நாமிலும் பட்டம், பயிற்சிச் சான்றிதழ், பணி அனுமதி என்று பாதை ஏறக்குறைய இதே போன்றது. அனுமதி அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும்.

ஐரோப்பாவில் ஸ்பெயின் அரசின் மொழித் துணைவர் திட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. அது வேலை விசா அன்று. படிப்புக்கான தங்கலின் வகையில் சேர்ந்தது, கிடைப்பதும் சம்பளம் அன்று, உதவித்தொகை. அனுபவம் எதுவும் கேட்காமல் ஐரோப்பாவுக்குள் நுழைய இதைவிட எளிய வழி குறைவு. ஆனால் கடன் வைத்திருப்பவருக்கு அந்தத் தொகை போதாது.

ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுகளில் ஒன்று இருந்து, ஓராண்டு ஒரே பள்ளியில் இருந்துவிடுவேன் என்ற உறுதியும் இருந்தால் கொரியா சரி. ஆங்கில வழியில் படித்தவர், முதல் வேலை சரிப்படாமல் போகலாம் என்று அஞ்சுபவர் ஜப்பானைப் பார்க்கலாம். அனுபவமோ சான்றிதழோ கையில் இருப்பவருக்கே சீனா. தாய்லாந்துக்கோ வியட்நாமுக்கோ அழைக்கும் பள்ளி “முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று சொன்னால், மாற்றும் வரை வகுப்பெடுக்கச் சொல்வார்களா, விசா மாற்ற அண்டை நாட்டுக்குப் போய்வரும் செலவு யாருடையது, பணி அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தேதி ஒப்பந்தத்தில் எழுதப்படுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.