ஃபைபர் வள்ளத்தில் மக்கிய பின்பலகை: மாற்றிச் சில மழைக்காலம் கழித்து

ஃபைபர் மக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள்ளே இருப்பது பிளைவுட் ஆயிற்றே. சுனாமிக்குப் பின் வந்த என் வள்ளத்தில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. எஞ்சினின் காலைப் பிடித்து அழுத்தினால் பலகை லேசாக அசைந்தது. சுத்தியலால் தட்டினால் ஓரத்தில் ‘டங்’, நடுவில் ‘பொத்’. ஒரு போல்ட்டைக் கழற்றியதும் கறுப்புத் தண்ணீர் வழிந்தது.

பலரும் கடல் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு அவ்வளவாக ஒத்துவராது. மழைத் தண்ணீர்தான் அதற்கு விருந்து. கரையேற்றிய வள்ளத்தில் தேங்கும் மழை, போல்ட் துளை வழியே இறங்கி, உலர வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும்.

துளை போட்டு ரெசின் (ஊற்றினால் இறுகும் பிசின்) ஊற்றிவிடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். ஈர மரத்தில் பாலியஸ்டர் ரெசின் பிடிக்காது, வேண்டாம் என்றுவிட்டேன். உள்பக்க ஃபைபரை மட்டும் வெட்டியெடுத்தோம். வெளிப்பக்கத்தைத் தொடாததால் வடிவம் மாறவில்லை. மக்கிய பிளைவுட்டைக் கையாலேயே அள்ள முடிந்தது. அப்புறம் கிரைண்டர் பிடித்தபோது பறந்த தூசி இருக்கிறதே, முழுக்கைச் சட்டை போட்டும் இரவெல்லாம் அரிப்பு.

புதுப் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ. தாள் இரண்டை ஒட்டி வைத்தோம். பொது உபயோக பிளைவுட்டுக்கான 303 முத்திரையைக் காட்டி “இதுவும் தண்ணி தாங்கும்” என்பார் கடைக்காரர். விலை குறைவென்று வாங்கிவிடாதீர்கள்.

முக்கியமான வேலை போல்ட் துளைதான். தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்சி என்ற வேறு வகை ரெசினால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளைக்க வேண்டும். போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. எபாக்சி விலை அதிகம், ஆனால் இதற்குக் கொஞ்சம்தான் பிடிக்கும்.

இதுவரை பலகை அசையவில்லை. ஊறிய மரம் போனதால் கரையேற்றும்போது வள்ளமும் லேசாகத் தெரிகிறது. ஒரே குறை, எஞ்சின் கிளாம்ப் கடிக்கும் இடத்தில் ஃபைபர் நசுங்கி மயிரிழை வெடிப்பு வந்தது. சுரண்டி அடைத்து, அலுமினியத் தகடு வைத்தேன். அதை முதலிலேயே வைத்துத் தரச் சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தை, உயர்த்தி வைத்து, பின்பக்க அடைப்பானைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தேங்காது. அந்தத் துளையின் உள்சுவரிலும் எபாக்சி பூசியிருக்கிறதா என்று பாருங்கள். என் பழைய பலகைக்குள் அதிகம் தண்ணீர் இறங்கியது அந்த வழியாகத்தான்.